கால் அளவு கேட்டு எழுதுகிறேன்

மகனே,

இதை நீ வாசிக்கமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். தமிழ் எழுத்தைக் கண்டாலே உனக்குக் கொட்டாவி வரும். மாட்டுங்காவில் ஒரு கடைப் பலகையை நீ எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விடும். அதனால் மருமகள் வாசிப்பாள், நீ கேட்பாய். பேச்சியம்மா, நீ எட்டாம் வகுப்பு வரை படித்தவள், ஒரு வரி விடாமல் வாசி. மாமனார் தன்னைத் தானே ஏசிக்கொள்ளும் இடம் வந்தால் இரண்டு தடவை வாசி, உன் புருஷன் சந்தோஷப்படட்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தாராவியில் தோல் கம்பெனியில் இருபது வருஷமாகத் தோலின் பின்பக்கத்தில் நீலப் பென்சிலால் தரம் எழுதிய கை இது. காகிதத்தில் எழுத உட்கார்ந்தால் பேனா வழுக்குகிறது.

போன வாரம் குர்லா ஸ்டேஷனில் உங்கள் இரண்டு பேரையும் உனக்கு மாற்றலான கசாராவுக்கு வண்டி ஏற்றிவிட வந்தபோது நான் ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று உன் அம்மா வீடு திரும்பும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும் புதுப்பெண்ணைப் பார்த்தார்கள். நான் உன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வருஷமாக நீ போட்டுத் தேய்த்த அந்தப் பழைய ராணுவ பூட்ஸில் வலதுகால் முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டது. அதைச் செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தாய். டிரங்குப் பெட்டியைத் தூக்கி வைக்கும்போது கம்பி படியில் உரசி நீ ஒரு நொடி தடுமாறினாய். இன்னும் ஒன்றரை மாதத்தில் மழை இறங்கிவிடும். மலைப்பாதையில் தினமும் தோளில் சுத்தியலோடு போக ஐந்து மைல், வர ஐந்து மைல் நீ நடக்க வேண்டும். தண்டவாளத்தில் எந்த ஆணி கழன்றிருக்கிறது, எந்தக் கட்டையின் கீழ் ஜல்லி ஓடிவிட்டது என்று பார்க்க வேண்டிய கண் அது. கால் வலிக்கத் தொடங்கினால் கண் தானாகக் காலுக்குப் போய்விடும். அந்த நேரத்தில் உன் பின்னால் வருவது ஒரு வண்டி நிறைய ஜனங்கள். நடந்து பாதை பார்க்க முடியாத கீமேனை வேலையில் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். இதெல்லாம் உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உனக்கு நான் ஒரு ஜோடி பூட்ஸ் தைத்துத் தருகிறேன் என்று அன்றைக்கு பிளாட்பாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். போன தடவை நான் இதே வாக்கியத்தைச் சொன்னபோது என்ன ஆயிற்று என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் இந்த நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. பேச்சியம்மாளுக்குத் தெரிந்திருக்காது. அதனால் முதலிலிருந்து சொல்லுகிறேன்.

அப்போது நம் வீட்டில் ஆம்பிளைகள் இரண்டு பேர், செருப்பு ஒரு ஜோடி. லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்பு. உனக்குக் காலையில் மாட்டுங்கா ஹோட்டலில் மாவு ஆட்டுகிற வேலை. உள்ளே ஈரத்தரை, செருப்பு ஆகாது, போக வர மட்டும்தான் தேவை. எனக்கு மதியம் ஷிப்ட். கம்பெனியிலும் சுண்ணாம்புத் தண்ணீர், அங்கேயும் வெறுங்கால்தான். நீ ஒரு மணிக்கு வந்து வாசலில் கழற்றிப் போடுவாய், நான் ஒன்றேகாலுக்கு அதில் காலை நுழைத்துக்கொண்டு கிளம்புவேன். செருப்பு இன்னும் உன் சூட்டோடு இருக்கும். வெளியே வெயில் கொதிக்கும்போது அந்தச் சூடு ஒன்றும் பெரிசில்லை. ஆனால் மழைக்காலத்தில் அது நன்றாக இருக்கும். வேலை வேறு வேறு நேரம் என்பதால் நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதே குறைவு. நீ வந்துவிட்டாய் என்பதை எனக்குச் சொன்னது அந்தச் செருப்புதான். இதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், என் மகன் காலும் என் காலும் அச்சு அசல் ஒன்று, இரண்டு வருஷமாக ஒரே செருப்பு என்று.

பிறகு உனக்கு ரயில்பாதை கேங்கில் தற்காலிக வேலை கிடைத்தது. சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவில் ஆறு மாதம் வேலை, அதற்குப் பிறகு டாக்டர் பரிசோதனை, அதில் தேறினால் நிரந்தரம். மேஸ்திரி உன்னைப் பார்த்ததும் ஜல்லியில் நாள் முழுக்க நிற்க வேண்டும், பூட்ஸ் போட்டுக்கொண்டு வா என்று சொல்லியனுப்பினார். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு சாண் உயரம் கூடிவிட்டது. அடுத்தவன் காலுக்கு எத்தனை ஆயிரம் தோலைத் தரம் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்! என் மகன் காலுக்கு இல்லையா? முதலாளியிடம் போய் நின்றேன். அவர் சிரித்துவிட்டு, பிடித்ததை எடுத்துக்கொள் என்றார். எருமைத் தோலில் முதுகுக்குப் பின்பக்கம், எல்லாவற்றிலும் தடிப்பான இடமாகப் பார்த்து எடுத்தேன். கத்தி பட்ட தழும்பில்லை, உண்ணி கடித்த புள்ளியில்லை. பத்து வருஷம் உழைக்கும் என்று அதன்மேல் தட்டிப் பார்த்துச் சொன்னேன். பலகையைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டே நான் யோசித்திருக்க வேண்டும்.

தைக்கக் கொடுத்தது நம் காதர் பாயிடம். மேலப்பாளையத்துக்காரர், நாம் ஊரில் இருந்திருந்தால் பஸ்ஸில் அரைமணி நேரத் தூரத்து மனிதர், இங்கே இரண்டு சந்து தள்ளிக் கடை. தோலைக் கையில் வாங்கியதும் மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

"ஓய், இது சோலுக்கு ஆகும். மேல்பக்கத்துக்கு இவ்வளவு தடி எதுக்கு? பய குதிகால் புண்ணாப் போவும். சரி, தோல் கெடக்கட்டும், பையன எப்பக் கூட்டிட்டு வாரீரு?"

"அவன் எதுக்கு பாய்? எங் காலுக்கு அளவு எடும். ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான். ஒரே செருப்பத்தான போடுதோம்."

"செருப்பு வேற, பூட்ஸ் வேறவே. செருப்புல கால் முன்ன பின்ன நிக்கும், அது ஒண்ணுஞ் சொல்லாது. பூட்ஸ் சொல்லும். வரச் சொல்லும் அவன."

நான் கேட்கவில்லை. அவனுக்குக் கடைக்கு வர நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். அது பாதி நிஜம். அவர் விடவில்லை, அப்படியானால் வீட்டில் ஒரு தாளைத் தரையில் விரித்து அவனை நிற்க வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துக் கொண்டுவாரும் என்றார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கென்ன, ஞாயித்துக்கிழம நீங்களே வரைஞ்சு எடுத்துட்டுப் போங்க" என்றாள். எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ தெரியவில்லை. "பெத்த அப்பன் நான், தரையில உக்காந்து அவன் காலப் பிடிக்கணுமோ?" என்று கேட்டேன். நல்ல நாளில் மகன் வந்து அப்பன் காலைத் தொட்டுக் கும்பிடுவான், இதுதான் நான் பார்த்து வளர்ந்தது. அப்பன் குனிந்து மகன் காலைப் பிடித்ததை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மறுநாள் காதர் பாய் கடையில் என் காலையே தாளில் வைத்தேன். இதுதான் நடந்தது, மகனே. உனக்கு இது தெரியாது. அளவு எடுத்ததில் தவறு என்றுதான் இதுவரை நினைத்திருப்பாய். அளவு எடுத்தவர் சரியாகத்தான் எடுத்தார். தவறு என் முதுகெலும்பில் இருந்தது.

பூட்ஸ் வந்த அன்றைக்கு நீ வேலைக்குக் கிளம்பும் முன் உன்னை உட்காரவைத்து, அம்மாவையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு, ஒரு சின்னக் கல்யாணமே நடத்திவிட்டேன். நீ காலை நுழைத்தாய். ஒரு தடவை இழுத்தாய், இரண்டு தடவை இழுத்தாய். எழுந்து நின்றாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எப்படில இருக்கு?"

"பரோபர் இருக்குப்பா."

பரோபர். இந்த ஊர் உனக்குக் கொடுத்த வார்த்தை. எல்லாம் சரியாக, அளவாக, கச்சிதமாக இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு நீ வாசலைத் தாண்டி நடந்தாய். கட்டாந்தரையில் டக் டக் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் சந்து திரும்பும் வரை நான் நின்று கேட்டேன். சந்து திரும்பியதும் நீ அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாய் என்பதைத் தெருவில் எல்லாருமே பார்த்திருக்கிறார்கள், என்னைத் தவிர.

ஆறாவது மாதம், எனக்கு ஒரு விடுமுறை நாள். அன்றைக்கு உனக்கு வேலை இருந்தது. நீ பூட்ஸ் போட்டு நிற்கிற அழகைப் பார்க்க வேண்டும் என்று சயான் பாலத்துக்கு நடந்து போனேன். மேலிருந்து பார்த்தால் கீழே நாலு தண்டவாளமும் தெரியும். உங்கள் கேங் வரிசையாக நின்று கடப்பாரையால் பாதையை நகர்த்திக்கொண்டிருந்தது. ஒருவன் பாட்டு மாதிரி கத்த, மற்றவர்கள் சேர்ந்து நெம்பினார்கள். ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். சிலர் கான்வாஸ் ஷூ, சிலர் பழைய பூட்ஸ், ஒருவர் டயர் செருப்பு. கடைசியில் ஒருவன் மட்டும் வெறுங்காலோடு கூரான கருங்கல் ஜல்லியில் நின்றான். கழுத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் லேஸால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. நெம்பும்போதெல்லாம் அது அவன் நெஞ்சில் இடித்தது. அந்தத் தோலின் நிறம் எனக்குத் தெரியும். எந்தத் தொட்டியில் எத்தனை நாள் கிடந்தது என்றுகூடத் தெரியும்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் நீ வீட்டுக்குள் நுழைந்ததும் நான் போட்ட கூச்சல் உனக்கு மறந்திருக்காது. "எல, எந் தோலக் கழுத்துல மாட்டிட்டு ஊரெல்லாம் காட்டுதியோ? அப்பன் குடுத்தது கசக்குதோ?" என்று கத்தினேன். நீ தலையைக் குனிந்து நின்றாய். பேசியது உன் அம்மா. அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவள் சத்தமே போடவில்லை.

"அவன் காலப் பாத்திருக்கியளா நீங்க? ஒரு நாளாவது?"

அவள் வாசலுக்குப் போய் அந்த டயர் செருப்பை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். உன்னைப் பார்த்து, "நில்லுய்யா அதுல" என்றாள். நீ நின்றாய். உன் குதிகால் செருப்புக்கு வெளியே அரை விரல்கடை தொங்கியது. பிறகு உன்னை இறங்கச் சொல்லிச் செருப்பை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ரப்பரில் பெருவிரல் அழுந்தின குழி ஒன்று இருந்தது, அது என்னுடையது. அதற்கு அரை அங்குலம் முன்னால், விளிம்பை ஒட்டி, இன்னொரு குழி இருந்தது.

நான் தோல் பார்த்துத் தரம் சொல்லுகிறவன். ஓர் ஆட்டுத் தோலை விரித்தால் அந்த ஆடு முள்ளுக்காட்டில் மேய்ந்ததா, பட்டினி கிடந்ததா, எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தது என்று சொல்லிவிடுவேன். இரண்டு வருஷம் தினமும் நான் காலை வைத்த செருப்பில் இரண்டு குழி இருந்தது. அது என் கண்ணில் படவேயில்லை. உன் வலது பெருவிரல் நகம் கறுத்துப் பாதி கழன்றிருந்தது. இரண்டு குதிகாலிலும் தோலே இல்லை. வாசலில் என் முன்னாலும் தண்டவாளத்தில் மேஸ்திரி முன்னாலும் அதை மாட்டி நின்றதே அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது. அம்மா தினமும் மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டியிருக்கிறாள், நான் ஷிப்டுக்குப் போன பிறகு. எனக்குத் தெரியக்கூடாது என்று நீதான் அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். அப்பா பாவம், ஆசையாச் செஞ்சது என்று சொன்னாயாம். மகனே, அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் உனக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை. என்னை மன்னித்துக்கொள். அன்றைக்கே சொல்ல வேண்டியது. நாலு வருஷம் பிந்திச் சொல்லுகிறேன்.

டாக்டர் பரிசோதனைக்கு இருபது நாள்தான் இருந்தது. நான் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு காதர் பாயிடம் ஓடினேன், பெரிசாக்கித் தாரும் என்று. "அகலத்தத் தட்டிக் கொஞ்சம் எளக்கலாம். நீளம் எங்கவே போவும்? மறுபடி அறுத்துத்தான் தைக்கணும், இந்தத் தோல் அதுக்கும் ஒத்து வராது" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக்காட்டாமல் விட்டார். நல்ல மனிதர். நான் முழித்துக்கொண்டிருந்த அந்த வாரம் நீ பாட்டுக்குப் பழைய சாமான் விற்கிற சோர் பஜாருக்குப் போய், யாரோ ஒரு சிப்பாய் போட்டுப் பழக்கின பூட்ஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் முதலில் மூக்கைச் சுளித்தேன். அடுத்தவன் கால் வேர்வை என்றேன். ஆனால் அதை நீ வாங்கிய விதத்தை உன் சிநேகிதன் சொல்லிக் கேட்டேன். சாயங்காலம் வேலை முடிந்து, கால் வீங்கியிருக்கும்போதே போனாயாம். இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டு கடைக்காரன் திட்டத் திட்டத் தெருவில் மேலும் கீழும் நடந்தாயாம். பக்கத்திலிருந்த ஒரு சரிவில் ஏறி இறங்கிப் பார்த்தாயாம், விரல் முன்னால் போய் இடிக்கிறதா என்று. எட்டு ஜோடியை வேண்டாமென்று சொல்லி ஒன்பதாவதை எடுத்தாயாம். உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புண்பட்ட காலே உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதில்தான் நீ பரிசோதனைக்குப் போனாய், டாக்டர் நடக்கச் சொன்னபோது நொண்டாமல் நடந்தாய், தேறினாய்.

நான் செய்வித்த பூட்ஸ் என்ன ஆயிற்று என்று பேச்சியம்மாள் கேட்பாள். அதை இந்தக் கடிதம் எழுதும்போதுகூடக் காலில்தான் போட்டிருக்கிறேன். என் அளவுக்குத் தைத்தது எனக்குப் பொருந்தாமல் போகுமா? நாற்பத்தெட்டு வயதில் முதல்முதலாகப் பூட்ஸ் போட்ட மகாராஜா நான். முதல் மூன்று மாதம் என் குதிகாலையும் கடித்துத் துப்பியது. ஒவ்வொரு கடிக்கும் உன்னை நினைத்துக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. விளக்கெண்ணெய் தேய்த்துத் தேய்த்து ஒரு வருஷத்தில்தான் அந்த எருமைக்கு மனம் இளகியது. தோலைப் பற்றி இருபது வருஷம் தெரிந்துகொள்ளாததை அந்த ஒரு வருஷத்தில் என் கால் தெரிந்துகொண்டது. ஆகையால் இனிமேல் நான் சொல்லுவது தோல்காரன் பேச்சு இல்லை, கால் உள்ளவன் பேச்சு. பொறுமையாகக் கேள்.

பூட்ஸ் என்றால் உழைக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். உழைக்க வேண்டியது நீ, பூட்ஸ் உன்னோடு கூட வந்தால் போதும். மேல்பக்கத் தோல் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகச் சுருங்கி, விரலை எடுத்ததும் திரும்ப வேண்டும். பலகையாக நின்றாலும் வேண்டாம், துணியாகத் தொங்கினாலும் வேண்டாம், தொங்குவது வயிற்றுத் தோல், ஒரு மழைக்கு மூட்டையாகிவிடும். அடிப்பக்கம் தடிப்பாக இருக்கட்டும், ஜல்லியின் கூர் பாதத்துக்குத் தெரியக்கூடாது. ஆனால் கையில் பிடித்து வளைத்தால் விரல்கள் மடங்குகிற இடத்தில் வளைய வேண்டும், நடுப்பாதத்தில் வளைந்தால் அந்தப் பூட்ஸ் உன்னை நடக்க விடாது. சோலைச் சுற்றி நூல் தையல் ஓடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார். வெறும் பசை மழைக்கு நிற்காது, உன் ராணுவ பூட்ஸ் வாய் பிளந்ததும் யாரோ இடையில் பசை வைத்து ஏமாற்றியதால்தான். சீக்கிரம் தேயாது என்று அடியில் இரும்பு லாடம் வைக்கச் சொல்லாதே. ஈரத் தண்டவாளத்தில் இரும்பு சறுக்கும், நீ மலைச் சரிவில் நிற்கிறாய். உள்ளே கையை விட்டு ஆணிமுனை ஏதாவது தட்டுகிறதா என்று ஒரு முறை தடவிவிடு.

கால் இரண்டும் ஒரே அளவு என்று யாராவது சொன்னால் நம்பாதே. எனக்கே இடது பெரிது, பூட்ஸ் போட்ட பிறகுதான் தெரியும். பெரிய காலுக்கு அளவு பார், சின்னக் காலுக்கு உள்ளே ஓர் அட்டை போட்டுக்கொள். நின்றுகொண்டு பார், உட்கார்ந்தபடி பார்க்காதே. வேலைக்குப் போடுகிற கம்பளிச் சாக்ஸோடு பார். தோளில் சுத்தியல் இருந்தால் பாதம் இன்னும் கொஞ்சம் விரியும், அதையும் தூக்கிக்கொண்டு பார், கடைக்காரன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறான். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் மட்டும் தூக்கி எழும்பக்கூடாது. நனைந்து வந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் காய வைக்காதே, தோல் வெந்து வெடித்துவிடும். பழைய செய்தித்தாளை உள்ளே திணித்துக் காற்றில் தொங்கவிடு. பேச்சியம்மா, செய்தித்தாளை நீ வாசித்து முடித்த பிறகு திணி. முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு நாள் மாற்றி நாள் போடு. ஒன்று உழைக்கும்போது மற்றது காயட்டும். நம் வீட்டில் ஒரு ஜோடியை இரண்டு பேர் போட்டோம், உன் வீட்டில் இரண்டு ஜோடியை ஒருவன் போடட்டும், எனக்கு அதுவே போதும்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று. கடித்தால் கடிக்கிறது என்று சொல். முதல் நாளே சொல். கொடுத்தவர் மனம் நோகும் என்று பார்க்காதே. நீ அன்றைக்குப் பரோபர் என்று சொல்லாமல், அப்பா இது சின்னது என்று சொல்லியிருந்தால் நான் குதித்திருப்பேன், அது நிஜம். இரண்டு நாள் சோறு தின்னாமல் இருந்திருப்பேன். மூன்றாம் நாள் பசி வந்து சரியாகியிருக்கும். உன் நகம் போயிருக்காது. இப்போது உனக்குப் பெண்டாட்டி வந்திருக்கிறாள். அவள் வைக்கிற குழம்பு, மேலதிகாரி கொடுக்கிற வேலை, எதற்குமே பல்லைக் கடித்துக்கொண்டு பரோபர் சொல்லி உள்ளே புண்ணாகாதே. பேச்சியம்மா, இவன் அந்த வார்த்தையைச் சொன்னால் உடனே காலைப் பார்.

இவ்வளவும் எழுதிவிட்டு, கூடவே பழுப்புத் தாள் ஒன்றை மடித்து வைத்தேன். சாயங்காலம் வேலை முடிந்து இதன்மேல் நில், பேச்சியம்மாள் பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரையட்டும், தபாலில் திருப்பி அனுப்பு, காதர் பாயிடம் கொடுத்து மழைக்கு முன்னால் தைத்து வாங்கிவிடுகிறேன் என்று எழுதத் தொடங்கினேன். இந்தத் தடவை தோலைக்கூட நான் எடுக்கவில்லை, அவரையே வந்து எடுக்கச் சொன்னேன். நான் காட்டிய தடித்த துண்டை அவர் தள்ளிவிட்டு, நடுத்தரமான ஒன்றை எடுத்து மடக்கிப் பார்த்துவிட்டு, "இது போதும்வே" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

தாளை உறையில் போடும்போது உன் அம்மா பார்த்துவிட்டாள். என்ன இது என்றாள். சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மறுபடியும் அவன் காலப் பாக்காமலே அளவா? கசாரா என்ன சீமையிலயா இருக்கு?"

நான் தாளை உறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் வண்டியிலேயே கசாராவுக்கு வருகிறேன். உனக்கு விருப்பமில்லை என்றால், அப்பன் தைத்தது இன்னொரு தடவை வேண்டாம் என்று தோன்றினால், ஒரு கார்டு போடு. இரண்டே வரி போதும், இந்தியில் எழுதினாலும் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். கோபப்பட மாட்டேன். அப்போதும் வருவேன், பேச்சியம்மாள் கையால் சாப்பிட்டுவிட்டு உன்னோடு பாதையில் ஒரு மைல் நடந்துவிட்டுத் திரும்புவேன். கார்டு வராவிட்டால் தாளும் நீலப் பென்சிலும் கொண்டு வருவேன். உன் கால் வரும்வரை கத்தியைத் தொட வேண்டாம் என்று காதர் பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் வரைக்கும் நடந்துவிட்டு வா. கழுவ வேண்டாம், அப்படியே வா. சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு தாளின்மேல் நேராக நில். அப்பா கீழே உட்காருகிறாரே என்று பதறி நீ குனிந்துவிடாதே, அளவு மாறிவிடும். நீ நிமிர்ந்து நின்றால் போதும். நான் குனிந்துகொள்கிறேன்.

உன் அப்பா